மீனில்லாத தொட்டிக்குத் தீனி

லிந்தால்வா ஆறு வாரமாக வெறும் தண்ணீருக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ஜுருனாஸ் பேட்டையில் அந்தத் தெருவில் இது தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் நாலு வீட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கிற தெரு அது. அங்கே கூடத்தில் நாலடி நீளத்துக்குப் புத்தம்புதுக் கண்ணாடித் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, பம்பு ஓடவிட்டு, மீனை மட்டும் விடாமல், பழைய காலுறைக்குள் பச்சை இறாலைக் கட்டித் தொங்கவிட்டு அழுகவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, உன் மீனெல்லாம் சௌக்கியமா? கண்ணுக்குத் தெரியாத ஜாதி போல!" எதிர்வீட்டு அசாயிப் பழக் கடை நில்சா தினமும் ஊதாப் பழச் சாறு படிந்த கையோடு வாசலில் நின்று கேட்பாள்.

"சிரி, சிரி. நான் வளக்குறது மீனை இல்ல, தண்ணியை."

"தண்ணி நல்லாத்தான் வளந்திருக்கு. என்ன நாத்தம், யப்பா! என் கஸ்டமரெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு சாப்புடுறாங்க."

லிந்தால்வாவுக்கு இந்தக் கேலியெல்லாம் உறைக்கவே இல்லை. உறைக்க வேண்டியது மூன்று வருஷத்துக்கு முன்பே உறைத்துவிட்டது.

அவள் புருஷன் எவாரிஸ்தோ இரண்டு டிஸ்கஸ் மீன்களை நகத்தளவுக் குஞ்சிலிருந்து வளர்த்தான். சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக, செம்மண் நிறத்தில் நீலக் கோடு ஓடுகிற மீன்கள். ஒன்றுக்கு டாக்டர் என்று பெயர், இன்னொன்றுக்கு டாக்டரம்மா. அவன் செத்துப்போன பிறகு அந்தத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் அந்தப் பக்கம் நிற்கிறான் என்று தோன்றும், திரும்பினால் இருக்கமாட்டான். ஒன்பதாம் நாள் தொட்டியை எவனுக்கோ தூக்கிக் கொடுத்தாள். மீன்களை, எவாரிஸ்தோவின் சிநேகிதர், மூன்று வீடு தள்ளி முடிவெட்டும் கடை வைத்திருந்த அபெலார்தோவிடம் விட்டாள். அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே வெட்கமாகிவிட்டது. ஒரு மனிதன் எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒன்பது நாள் பொறுக்க முடியாமல் அனுப்பிவிட்டாளே! ஆனால் கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

ஆகஸ்ட் கடைசியில் அபெலார்தோவே அவள் முன் வந்து நின்றார். லிந்தால்வாவுக்குப் படகுத்துறை டிக்கெட் ஜன்னலில் வேலை.

"மக்காபாவுக்கு ஒண்ணு. அக்டோபர்ல, நசரே அன்னை திருவிழா முடிஞ்ச செவ்வாக்கிழமை."

"திரும்பி வர்றதுக்கும் போட்டுடவாண்ணே?"

"திரும்பி வரல லிந்தால்வா. மக கூடவே இருந்துடப் போறேன்."

டிக்கெட்டை அச்சடிக்க மறந்து அவள் கேட்டது இதைத்தான்: "அப்போ மீனு?"

"குஸ்தோதியோ கேட்டிருக்கான். ஆத்தோரத்துல மீன் வறுவல் கடை வெச்சிருக்கான்ல, அவன்தான். வாசல்ல பெரிய தொட்டி இருக்கு."

"அவன் தொட்டியில முழங்கை நீளத்துக்கு ஒரு வேட்டை மீன் இருக்கேண்ணே! ரெண்டு நாள்ல முழுங்கிடாதா?"

"வட்டமா இருக்கு, வாயில அடங்காதுங்கிறான்." சொல்லும்போது அபெலார்தோவின் முகம் நன்றாக இல்லை.

"எனக்குக் குடுங்க." எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் மூட்டையோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் குடுத்தேன். நானே வாங்கிக்கிறேன்."

அபெலார்தோ கத்தரிக்கோல் பிடித்துப் பழகியவர்; எதையும் அளந்துதான் செய்வார். அன்று சாயங்காலம் கடையில் ஒரு தலைக்கு நுரை தடவியபடியே நிபந்தனையைச் சொன்னார். "என்கிட்ட ஃபில்டரே கிடையாது. தினம் பாதித் தண்ணிய வாளியில அள்ளி மாத்துறேன். நீ காலையில போய் ராத்திரி வர்றவ. உனக்கு அது ஆகாது. உனக்கு ஃபில்டர் வேணும், அந்த ஃபில்டருக்கு உயிர் வேணும். மீனு தின்னும், கழியும். அந்தக் கழிவு அமோனியாவாகி அதோட செவுளையே எரிச்சிடும். அதைத் தின்னுறதுக்கு ஒரு கிருமி வரணும். அது தின்னுட்டு விடுறது நைட்ரைட், அதுவும் விஷம். அதைத் தின்ன இன்னொரு கிருமி வரணும். ரெண்டும் உன் ஃபில்டர் பஞ்சுல குடி வந்த பிறகுதான் மீனு வரும். அதுவரைக்கும் வெறும் தொட்டிக்குத்தான் தீனி."

"எவ்வளவு நாளாகும்?"

"அஞ்சு வாரம், ஆறு வாரம். ஒரு மழைக்கு நான் அமோனியா சொட்டு விடுவேன். மறு மழைக்குள்ள ரெண்டு விஷமும் காணாமப் போயிருக்கணும். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மழைக்குப் பின்னாடி வந்து பாப்பேன். பாஸானா மீனு உனக்கு. ஆகலைன்னா குஸ்தோதியோவுக்கு. பச்சைத் தண்ணியில விட்டுக் கொல்றதுக்கு அந்த வேட்டை மீனே தேவல."

எங்கள் ஊரில் மணிக்கணக்கு யாருக்கு வேண்டும்? கல்யாணம், பஞ்சாயத்து, பல் பிடுங்குவது எல்லாமே மழைக்கு முன்னா, மழைக்குப் பின்னா என்பதுதான். மதியம் தவறாமல் கொட்டிவிட்டுப் போகிற மழை அது. லிந்தால்வாவும் சரியென்று தலையாட்டினாள்.

இதையெல்லாம் அவள் ஒரே ஒரு ஆளிடம் மறைத்தாள்: ஜாசிராவிடம். எவாரிஸ்தோவின் அக்கா. அபாயெதெதூபாவில் இருப்பவள். மீன்களைக் கொடுத்துவிட்டது தெரிந்த நாளிலிருந்து லிந்தால்வாவைப் பார்க்கும்போதெல்லாம், "என் தம்பி மீனைத் தூக்கிக் குடுத்தவதானே நீ" என்று ஒரு குத்து குத்தாமல் விட்டதில்லை. திருவிழா ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா சாப்பாட்டு மேசையிலிருந்து தலையைத் தூக்கும்போது எதிரே டாக்டரும் டாக்டரம்மாவும் நீந்த வேண்டும். லிந்தால்வாவின் ஆசை அது. ஆசைப்பட்டது தப்பில்லை, வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தப்பு.

ஜாசிரா ஒரு வாரம் முன்னதாகவே படகேறி வந்துவிட்டாள். மனிசோபா சமைக்க வேண்டுமே! அரைத்த மரவள்ளி இலையை ஏழு நாள் விடாமல் கொதிக்கவைக்க வேண்டும். அதற்கு முன்பு அந்த இலை விஷம். வந்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்பிலேற்றிய அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கரண்டியோடு காவல் உட்கார்ந்தாள். மூடியைத் தொட்டவன் கையில் அடி விழும்.

"இந்தத் தொட்டி எதுக்கு?" வந்த அன்றே கேட்டாள்.

"சும்மாதான்க்கா. ஞாயித்துக்கிழமை தெரியும்."

"தங்க மீனு கிங்க மீனு வாங்கி விடப்போறியா? நல்லா இருக்குடி கதை. இருந்ததை அனுப்பிட்டுப் புதுசு." அதற்குமேல் ஜாசிரா கேட்கவில்லை. மூக்கை மட்டும் சுருக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் லிந்தால்வா சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அமோனியாக் குழாய் ஆறு வாரமாகப் பச்சையாகவே இருந்து அவள் உயிரை வாங்கியிருந்தது. இன்று மஞ்சள். நைட்ரைட் குழாய் வானத்து நீலம். இரண்டு விஷமும் இல்லை. அப்பாடா! யாருமில்லாத கூடத்தில் அவள் அந்தத் தொட்டிக் கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். காலுறையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் அரைநாள் லீவு. வீட்டு வாசற்படியில் கால் வைத்ததுமே பிளீச் வாடை மூக்கில் ஏறியது.

திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஊரே கழுவும். நசரே அன்னை தெருவில் வரும்போது வீட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்குப் பெயின்ட், மற்ற எல்லாவற்றுக்கும் பிளீச். லிந்தால்வா இதில்தான் ஏமாந்தாள். வருஷா வருஷம் தானே செய்கிற வேலையை இந்த வருஷம் நாத்தனார் செய்வாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வா வா, பாரு! இப்பத்தான் வீடு வீடா இருக்கு." ஜாசிரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்வை வழிய, பெருமையாக நின்றாள்.

தொட்டி பளபளத்தது. புதுத் தண்ணீர். கண்ணாடியில் ஒரு தடம் இல்லை.

"பஞ்சு..." லிந்தால்வா ஃபில்டர் மூடியைத் தூக்கினாள். "அக்கா, அந்தக் கறுப்புப் பஞ்சு?"

"அதை ஏன் கேக்குற! மூணு தடவை பிளீச்சுல போட்டுப் பிழிஞ்சேன். சேறு சேறா வருது, சனியன். ஆறு வாரமா அதைக் கழுவவே இல்லையா நீ? என் தம்பி இருந்திருந்தா இப்படியா வெச்சிருப்பான்?"

லிந்தால்வா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரம். ஊரெல்லாம் சிரித்த ஆறு வாரம். நாளை மறுநாள் சனிக்கிழமை.

"ஏண்டி, என்ன ஆச்சு? தலை சுத்துதா?"

"அக்கா, உங்க அண்டா இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"அஞ்சாவது. ஏன்?"

"நான் இப்ப போய் அதைக் கவுத்துக் கொட்டிட்டு, பச்சை இலையை அரைச்சு ஊத்தி, ஞாயித்துக்கிழமை பரிமாறுங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"கொன்னே போடுவேன்! விஷம்டி அது, ஊரே செத்துப்போகும்."

"அதையேதான் அக்கா நீங்க பண்ணிட்டீங்க!" கத்தியே விட்டாள். நாத்தனாரிடம் இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் உயர்த்தியதில்லை. "அந்தச் சேறுதான் விஷத்தைத் தின்னுறது! அது வர்றதுக்குத்தான் ஆறு வாரம் வெறும் தண்ணிக்குத் தீனி போட்டேன். எல்லாத்தையும் கொன்னுட்டீங்க!"

"எந்த மீனுக்குடி இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"உங்க தம்பி மீனுக்கு!"

ஜாசிராவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "டாக்டரா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "அந்த நீலக் கோடு போட்டதா? அது இன்னும் உசுரோடவா இருக்கு?"

"ரெண்டும் இருக்கு. அபெலார்தோ அண்ணன் ஊரை விட்டுப் போறாரு. சனிக்கிழமைக்குள்ள தண்ணி சரியானா நமக்கு, இல்லன்னா வறுவல் கடைக்காரனுக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க பாத்து சந்தோஷப்படணும்னுதான் சொல்லாம வெச்சிருந்தேன்." அதற்குமேல் முடியாமல் அழுதாள்.

ஜாசிரா அவளை எழுப்பவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட ஜென்மமா அது! அவளும் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அடுப்பில் கொதிக்கிற அண்டாவைப் பார்த்தாள். பிறகு சமையல்காரியாக யோசித்துக் கேட்டாள்: "அந்தக் கிருமி உன் பஞ்சுலதான் இருக்கணுமா? வேற வீட்டு அழுக்குப் பஞ்சு ஆகாதா?"

லிந்தால்வா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நில்சா! இரண்டு வாரத்துக்கு முன்பு நில்சா, கேலியெல்லாம் போதாதென்று, தன் கடை மேசையில் ஒரு சின்னத் தொட்டி வாங்கி வைத்து ஆறு கப்பி மீன் விட்டாள். "உன் நாத்தப் பஞ்சுல ஒரு துண்டு குடேன்" என்று வந்து நின்றாள். லிந்தால்வாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விரலால் அளந்து அளந்து, ஒரு உள்ளங்கையளவு வெட்டிக் கொடுத்திருந்தாள்.

"அவகிட்ட இருக்கு. ஆனா அக்கா, இன்னிக்கு ஊரே கழுவுதே!"

வெளியே மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. ஜாசிரா குடையைத் தேடவில்லை, செருப்பையும் தேடவில்லை. அறுபத்திரண்டு வயசுக் கால் அந்தத் தெருவை ஓடித் தாண்டுவதை லிந்தால்வா அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அசாயிக் கடை வாசலில் நாற்காலிகள் தலைகீழாக அடுக்கியிருந்தன. பிளீச் வாளி ஒன்று. நுரை படியிறங்கி ஓடியது. 

"நில்சா! மீன் தொட்டியைக் கழுவிட்டியா?" ஜாசிரா வாசலில் நின்றே அலறினாள்.

நில்சா துடைப்பத்தோடு திகைத்து நின்றாள். "இருங்க, பொறுங்கக்கா, ஏன் கத்துறீங்க? கூரை கழுவினேன், சுவர் கழுவினேன், அசாயி அரைக்கிற மெஷினைக் கழட்டிக் கழுவினதுல இடுப்பே போச்சு. அது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குக் கழுவிடுறேன், மன்னிச்சுக்கோங்க!"

ஜாசிரா அவளைக் கட்டிப்பிடித்து, நனைந்த முகத்தோடு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "கழுவாதே! உன் சோம்பேறித்தனத்துக்கு அன்னை உன்னை நூறு வருஷம் வெக்கட்டும்!"

விஷயத்தைக் கேட்டதும் நில்சா கத்தரிக்கோலை எடுத்தாள். பஞ்சில் கால்பாகத்தைத் தன் தொட்டிக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். "ஆறு பொடிசுக்கு இது போதும். நான் உன்னை மாதிரி விரலால அளந்து வெட்டுறவ இல்லக்கா" என்று ஒரு சிரிப்பு சிரித்தாள். லிந்தால்வாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு நில்சா என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

அபெலார்தோ விஷயத்தைக் கேட்டு, முதலில் ஜாசிராவையும் பிறகு கூரையையும் பார்த்தார். திட்டவில்லை. வாளித் தண்ணீர் மாற்றுவதற்காகக் கடைக்குப் பின்னால் நாள்பட நிறுத்தி வைத்திருந்த இரண்டு பீப்பாய்த் தண்ணீரைக் காட்டினார். "குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், கிருமியைக் கொல்லும். இதை எடுத்துக்க." மூன்று பெண்களும் மழையிலேயே வாளி வாளியாகச் சுமந்தார்கள். தொட்டியைக் காலி செய்து இந்தத் தண்ணீரை நிரப்பி, ஃபில்டரைப் பத்துத் தடவை அலசி, பிளீச் ஏறிய பழைய பஞ்சைத் தூக்கி எறிந்து, நில்சாவின் அழுக்குத் துண்டை ஒரு குழந்தையைக் கிடத்துவது போல உள்ளே வைத்தார்கள். அபெலார்தோ சொட்டு விட்டார்.

"பஞ்சு சின்னது. ஒரு நாள்ல முடியாது. சனிக்கிழமை மழை வரைக்கும் டயம் இருக்கு, பாப்போம்."

வெள்ளிக்கிழமை மழைக்குப் பிறகு அமோனியா இளம்பச்சை. நைட்ரைட் கத்தரிப்பூ நிறம். "முன்னேத்தம்தான்" என்றாள் லிந்தால்வா. அபெலார்தோ குழாயைக் கழுவி வைத்தார். அன்றைக்கு ஜாசிரா தன் நாற்காலியை அண்டாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. காலையில் ஆற்றில் அன்னையின் படகு ஊர்வலம் போய் வாணவெடி ஓய்ந்தது. மணி ஒன்று, இரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. மேகம் கூடியது, கலைந்தது. மழை வரவில்லை.

மூன்று மணிக்குக் குஸ்தோதியோ வந்துவிட்டான். கையில் மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டி, கழுத்தில் திருவிழா ரிப்பன். எல்லோரும் லிந்தால்வாவின் கூடத்தில் நின்றார்கள். அபெலார்தோ குழாயைக் குலுக்கினார். அமோனியா மஞ்சள். லிந்தால்வா மூச்சை விட்டாள். அடுத்தது நைட்ரைட். நீலம்தான், ஆனால் அதில் ஒரு ஊதாச் சாயை. துளிதான். இல்லையென்று யாரும் சொல்ல முடியாத துளி.

"ஆகலை" என்றார் அபெலார்தோ. சொல்வது அவருக்கே வலித்தது.

"அப்புறம் என்ன, எடுத்துட்டு வாங்கண்ணே" என்று குஸ்தோதியோ பெட்டியைத் திறந்தான். "அஞ்சு மணிக்கு ரோட்டை அடைச்சிடுவாங்க. கடையில நாப்பது பேரு சாப்புட வர்றாங்க."

 இரண்டாவது தடவையாக அந்த மீன்கள் அவள் கைவிட்டுப் போகப் போகின்றன. முதல் தடவை அவளே அனுப்பினாள். இந்தத் தடவை கூப்பிட்டும் வரவில்லை. எவாரிஸ்தோ, என்னால முடியலையே என்று நினைத்தாள்.

"கொஞ்சம் நில்லு." நாற்காலியிலிருந்து ஜாசிரா எழுந்தாள், கரண்டியோடு. "அபெலார்தோ, நீ என்ன சொன்னே? என்னிக்கு எப்பன்னு சொன்னே?"

"சனிக்கிழமை, மழைக்குப் பின்னாடி."

"எங்கே மழை?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தெருவில் புழுதி பறந்தது.

"மழை வரலையே! வராத மழைக்கு எப்படிப் பின்னாடி ஆகும்? நாம இன்னும் மழைக்கு முன்னாடிதானே நிக்கிறோம்?"

"அட, இது என்ன நியாயம்?" குஸ்தோதியோ கொதித்தான். "மழைக்குப் பின்னாடின்னா மூணு மணி! குழந்தைக்குக் கூடத் தெரியும்!"

"மூணு மணின்னா மூணு மணின்னு சொல்லியிருக்கணும். நீ கல்யாணத்துக்கு மழைக்குப் பின்னாடின்னு பத்திரிகை அடிச்சிட்டு, மழை வராம இருக்கும்போதே மோதிரத்தை மாட்டிடுவியா?"

அபெலார்தோ நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் 'மழைக்குப் பின்னாடி வா' என்று சொல்லித்தான் தலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவனும் மழைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து தகராறு செய்ததில்லை. தாடையைத் தடவினார். "அந்தம்மா சொல்றது சரி. என் வாக்கு மழைக்குத்தான்."

"அப்ப மழை ராத்திரிதான் வந்தா?" என்றான் குஸ்தோதியோ.

"ராத்திரிதான்."

குஸ்தோதியோ பெட்டியைத் திறந்தான், மூடினான். வாசலுக்குப் போய் வானத்தைத் திட்டினான். ஜாசிரா அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு, குடிக்கப் பழச்சாறு கொடுத்து, "உக்காரு தம்பி, வந்துரும்" என்று வெகு மரியாதையாகச் சொன்னாள். நில்சா எதிர்வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலரை மணி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவன் கைப்பேசி ஏழாவது முறை அடித்தது. கடையில் ஆள் வந்துவிட்டார்கள், இவன் இன்னும் வரவில்லை. தெருமுனையில் போலீஸ்காரன் கயிறு கட்டத் தொடங்கினான்.

"வெச்சுக்கோங்கம்மா உங்க மீனை!" குஸ்தோதியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "என் தொட்டியில ஏற்கெனவே மீன் இருக்கு!"

அவன் போன பிறகும் அபெலார்தோ அசையவில்லை. "அவன் போனா மட்டும் தண்ணி பாஸாகிடாது" என்றார். அவரும் மழைக்காகத்தான் காத்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு மழை வந்தது. வந்ததா, கொட்டியது! தகரக் கூரை அதிர, பேச்சே கேட்காத மழை. ஓய்ந்ததும் அபெலார்தோ புதிதாகத் தண்ணீர் எடுத்தார். லிந்தால்வா கண்ணை மூடிக்கொண்டாள். ஜாசிராவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்து நெரித்தது.

"கண்ணைத் திற" என்றார் அபெலார்தோ.

ஒன்று மஞ்சள். ஒன்று நீலம். சுத்தமான, சாயை இல்லாத நீலம்.

லிந்தால்வா சத்தமாகவே அழுதாள். இந்தத் தடவை அது வேறு அழுகை. ஆறு வாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்ததும் கூடவே இறங்கிப் போனது. நாத்தனாரும் அழுதாள். "மூக்கைத் தொட்டியில சிந்திடாதீங்க" என்றார் அபெலார்தோ. அவருடைய மூக்கும் சிவந்துதான் இருந்தது.

வாளியில் டாக்டரும் டாக்டரம்மாவும் வந்தார்கள். தண்ணீருக்குத் தண்ணீர் கலந்து, அரை மணி பழக்கி, மெல்ல இறக்கினார்கள். இரண்டும் நிறம் கறுத்து, கோபித்துக்கொண்டது போல மூலையில் ஒதுங்கி நின்றன. "நாளைக்குச் சரியாயிடும். ஒரு வாரம் தீனியைக் குறைச்சுப் போடு. பஞ்சு வளரட்டும்" என்றார் அபெலார்தோ. போகும்போது கண்ணாடியில் ஒரு தடவை விரல் வைத்தார். டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வேகமாக வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் முடிந்து, காலெல்லாம் வீங்கி, உறவுக்காரர்கள் பதினேழு பேர் வீட்டில் நிறைந்தார்கள். ஏழு நாள் கொதித்த மனிசோபா கறுப்பாக, மணமாக, மேசைக்கு வந்தது. மீன்கள் செம்மண் நிறம் திரும்பி, நீலக் கோடு மின்ன, நடுத்தொட்டிக்கு வந்து வேடிக்கை பார்த்தன. ஜாசிரா தட்டைத் தொடாமல் அவற்றையே பார்த்தாள். பிறகு எல்லோரும் கேட்கும்படி, "லிந்தால்வாதான் கொண்டுவந்தா. என் தம்பி மீனைத் திருப்பிக் கொண்டுவந்தவ இவ" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக முதல் கரண்டியை லிந்தால்வாவின் தட்டில் போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் லிந்தால்வா கூடத்தில் கட்டியிருந்த துணி ஊஞ்சலில் சாய்ந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. கண் செருகும்போது, ஒரு மருமகள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஈரத் துணியோடு ஃபில்டர் பக்கம் போவது தெரிந்தது; கரண்டி டங்கென்று கண்ணாடி விளிம்பில் மோதுவதும் கேட்டது.

"ஏய்! கையை எடு! அது அழுக்கில்ல" என்றாள் ஜாசிரா. "அதைத் தொட்டே, தொலைச்சிடுவேன்."

லிந்தால்வா சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.